30 பிள்ளை கூடினால் எத்தனை கார் கூடும்? லண்டன் தொடக்கப் பள்ளி விரிவாக்கமும் தெரு பார்க்கிங்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளியைப் பெரிதாக்கவே கூடாது என்று அக்கம்பக்கத்தார் நேரடியாகச் சொல்வது அரிது. "நல்ல பள்ளிதான், எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள், ஆனால்..." என்றுதான் ஆட்சேபக் கடிதம் தொடங்கும். அந்த 'ஆனால்' என்பதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் பார்க்கிங். கவுன்சில் அதிகாரிகளும் இதை எதிர்பார்த்தே இருப்பார்கள். பதிலும் தயாராக இருக்கும். இரு தரப்பும் கையில் கணக்கு இல்லாமல் பேசுவதால், கூட்டம் முடியும்போது யாருக்கும் திருப்தி இருக்காது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2001இல் பிறந்த குழந்தைகள் 594,634. அந்த எண் ஏறிக்கொண்டே போய் 2012இல் 729,674 ஆனது. பிறந்த நான்கு, ஐந்து ஆண்டில் அந்தக் குழந்தை ரிசெப்ஷன் வகுப்பு வாசலில் நிற்கும். லண்டன் கவுன்சில்களுக்கு 2010களில் இதுதான் பெரிய தலைவலி. ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ், மெர்ட்டன் போன்ற, தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் பகுதிகளும் இதில் அடக்கம். புதுப் பள்ளிக்கு நிலம் இல்லை. இருக்கிற பள்ளிகளில் வகுப்பைக் கூட்டுவதே வழி. கூட்டுவதென்றால் பெற்றோர் விரும்பும் பள்ளியைத்தான் கூட்ட வேண்டும். காலியிடம் உள்ள பள்ளியைப் பெரிதாக்கி யாருக்கு என்ன பயன்?

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்த விரிவாக்கங்களில் அடிக்கடி காணப்பட்ட வகையை: குடியிருப்புத் தெருவுக்குள் இருக்கும், ஆண்டுக்கு ஒரு வகுப்பு சேர்க்கும் 210 இடப் பள்ளி, ஆண்டுக்கு இரண்டு வகுப்பு சேர்க்கும் 420 இடப் பள்ளியாக மாறுவது. சட்டமும் அளவுகளும் நடப்பில் உள்ளவை. கார் கணக்கில் வரும் விகிதங்கள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கான மாதிரி எண்கள். உங்கள் பள்ளிக்கு உங்கள் கணக்கெடுப்பு எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏன் பத்துப் பிள்ளை மட்டும் கூட்ட முடியாது

"ஒரேயடியாக இரட்டிப்பாக்காமல் ஆண்டுக்குப் பத்துப் பேரைக் கூட்டினால் என்ன?" என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது 1998ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் வைத்த வரம்பு. இரட்டையர் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர 31ஆவது பிள்ளைக்கு இன்னோர் ஆசிரியர் வேண்டும். அதனால் விரிவாக்கம் 30, 30 ஆகத்தான் நகரும். இரு வயதுக்காரர்களைக் கலந்து உட்கார வைத்து ஒன்றரை வகுப்பாக, அதாவது 45 ஆக, நடத்தும் பள்ளிகள் உண்டு. பெற்றோரும் தலைமையாசிரியரும் அதை விரும்புவதில்லை.

இந்த எண் தெருக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் தருகிறது. 210 ஒரே செப்டம்பரில் 420 ஆகாது. ரிசெப்ஷனில் தொடங்கி ஆண்டுக்கு 30 பேராக ஏழு ஆண்டில்தான் நிரம்பும். முதல் ஆண்டே தெரு அடைத்துக்கொண்டால் அதற்குக் காரணம் 30 பிள்ளைகளாக இருக்க முடியாது, பெரும்பாலும் கட்டுமானம்தான். அதைப் பின்னால் பார்ப்போம்.

கட்டடத்தைப் பொறுத்தவரை ஏழு கூடுதல் வகுப்பறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 55 சதுர மீட்டர். நடைபாதை, கழிப்பறை, கூடுதல் சாப்பாட்டு இடம் எல்லாம் சேர்த்து, அரசின் பரப்பளவு வழிகாட்டிக் கணக்குப்படி 860 சதுர மீட்டர் அளவில் கூடும். இந்தப் பரப்பு எங்கிருந்து வரும்? விளையாட்டு மைதானத்திலிருந்தோ, ஆசிரியர் கார் நிறுத்துமிடத்திலிருந்தோதான். மைதானத்தைத் தொட்டால், விளையாட்டுத் திடல்களைக் காக்கும் அரசு அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்து கேள்வி கேட்கும். கார் நிறுத்துமிடத்தைத் தொட்டால் தெரு கேள்வி கேட்கும்.

இரண்டு வாசல், இரண்டிலும் ஒரே பதில்

மக்கள் கோபத்துக்குப் பாதிக் காரணம் கார் இல்லை, நடைமுறை. கவுன்சில் பராமரிக்கும் பள்ளியில் இடங்களை 30க்கு மேலும், அதோடு 25 விழுக்காடு அல்லது 200 பிள்ளைகள் இரண்டில் எது குறைவோ அதற்கு மேலும் கூட்டினால், கல்விச் சட்டப்படி அறிவிப்பு வெளியிட வேண்டும். நான்கு வாரம் கருத்துக் கேட்க வேண்டும். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். கவுன்சிலின் கீழ் வராத, அரசிடமிருந்து நேரடியாக நிதி பெறும் அகாடமி பள்ளிகளுக்கு வேறு பாதை; அவை கல்வித் துறையிடம் போகும். இந்தக் கட்டத்தில் பார்க்கிங் பற்றிக் கேட்டால், "அது பிளானிங் (கட்டட அனுமதி) விஷயம், விண்ணப்பம் வரும்போது பேசலாம்" என்பார்கள்.

பிளானிங் விண்ணப்பம் வரும். 1992ஆம் ஆண்டு விதிமுறைகளின் 3ஆம் விதிப்படி கவுன்சில் தன் கட்டடத்துக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். அங்கே போய், "இந்த ஊருக்கு இத்தனை இடம் தேவையா?" என்று கேட்டால், "தேவை ஏற்கெனவே முடிவாகிவிட்டது" என்று பதில் வரும். முதல் வாசலில் பேசியவர்கள் இரண்டாம் வாசலிலும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டதாக உணர்வதில் வியப்பில்லை. இதைத் தவிர்க்க விரும்பும் கவுன்சில், கல்விக் கலந்தாய்வின்போதே போக்குவரத்துக் கணக்கெடுப்பின் முதல் வரைவை மேசையில் வைக்க வேண்டும். சில ஆயிரம் பவுண்டு முன்கூட்டியே செலவாகும். பின்னால் பல மாத இழுபறி மிச்சமாகும்.

ஆட்சேபிப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தேசிய பிளானிங் கொள்கை பள்ளி இடங்களை உருவாக்குவதற்கும் விரிவாக்குவதற்கும் மிகுந்த முக்கியத்துவம் தரச் சொல்கிறது. போக்குவரத்தைக் காரணம் காட்டி மறுக்க வேண்டுமென்றால், சாலைப் பாதுகாப்பில் ஏற்க முடியாத பாதிப்பு இருக்க வேண்டும், அல்லது சாலைகளில் ஒட்டுமொத்த விளைவு 'கடுமையானதாக' இருக்க வேண்டும். தினமும் இருபது நிமிடம் வீட்டு டிரைவ்வேயிலிருந்து காரை எடுக்க முடியவில்லை என்பது தொல்லைதான்; அந்த வரம்பை அது எட்டாது. அதனால் "மறுத்துவிடுங்கள்" என்று எழுதும் கடிதத்தைவிட, "அனுமதித்தால் இந்த நிபந்தனைகளோடு அனுமதியுங்கள்" என்று எழுதும் கடிதத்துக்கே பலன் அதிகம்.

முதலில் கேட்க வேண்டிய எண்

கார் எண்ணிக்கை, பார்க்கிங் இடம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் எண்ணைக் கேளுங்கள்: தூரத்தின் அடிப்படையில் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு பள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு? கவுன்சில்கள் இதை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. பெற்றோர் இதை வீடு தேடும்போது பார்ப்பார்கள். விரிவாக்கக் கூட்டங்களில் ஏனோ யாரும் எடுப்பதில்லை.

வீடுகள் சீராகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், இடம் இரட்டிப்பானால் பரப்பு இரட்டிப்பாகும், ஆரம் 1.41 மடங்காகும். கடைசி தூரம் 350 மீட்டராக இருந்த பள்ளியில் அது 495 மீட்டராக மாறும். அப்போதும் எல்லோரும் நடக்கும் தூரம்தான். சொல்லப்போனால், இதுவரை இடம் கிடைக்காமல் தொலைவிலுள்ள பள்ளிக்குக் காரில் போன பக்கத்துத் தெருப் பிள்ளை இனி நடந்து வரும். கடைசி தூரம் 1,100 மீட்டர் என்றால் அது 1,550ஐத் தாண்டும். ஐந்து வயதுப் பிள்ளையோடு, மழையில், தள்ளுவண்டியில் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பவர்கள் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி 'பிரபலமான பள்ளி'. தெருவில் விளைவு நேர் எதிர்.

இந்தக் கணக்கைக் கெடுப்பவை மூன்று. முதலாவது மதச் சார்புப் பள்ளி. அங்கே சேர்க்கை தேவாலய வருகை போன்ற அளவுகோல்களால் நடக்கும். பிள்ளைகள் பல மைல் தள்ளியும் வருவார்கள். இரண்டாவது உடன்பிறந்தோர் முன்னுரிமை. மூத்த பிள்ளைக்காகப் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு, இடம் கிடைத்தபின் தள்ளிப் போய் வீடு வாங்கும் குடும்பங்கள் உண்டு. இளையவர்கள் எல்லோரும் பிறகு காரில்தான். அதனால்தான் சில இடங்களில் இந்த முன்னுரிமைக்கும் தூர வரம்பு வைத்தார்கள். மூன்றாவது வேலை. 500 மீட்டரில் இருப்பவரும் காரில் வருவார், ஏனென்றால் பிள்ளையை விட்டுவிட்டு அப்படியே ஆபீசுக்குப் போக வேண்டும். இவரை "நடந்து வாருங்கள்" என்ற சுவரொட்டி ஒன்றும் செய்யாது.

தெருவோரத்தை அளப்பது

தெருவில் எத்தனை கார் நிற்க முடியும் என்பதை இங்கிலாந்தில் பெரும்பாலும் லாம்பெத் முறை எனப்படும் வழியில் கணக்கிடுவார்கள்: இரண்டு நிமிட நடை, அதாவது ஏறக்குறைய 200 மீட்டர் சுற்றளவில், ஒரு காருக்கு 5 மீட்டர். இந்த முறை உருவானது குடியிருப்புக் கட்டடங்களுக்கு. அதனால் எண்ணுவது நள்ளிரவுக்குப் பிறகு. பள்ளிக்கு அதே இரவுக் கணக்கை மட்டும் ஒப்படைக்கும் ஆலோசகர்கள் உண்டு. அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். இரவுக் கணக்கு குடியிருப்பாளர் கார்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்தான். அதோடு பள்ளிக் கணக்கும் வேண்டும்: செவ்வாய் முதல் வியாழன் வரை இரண்டு சாதாரண நாட்களில், காலை 8:00 முதல் 9:30 வரை, பிற்பகல் 2:30 முதல் 4:15 வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆரம் 400 மீட்டர். வண்டி எண்ணின் கடைசி மூன்று எழுத்தைக் குறித்தால் போதும். காலையிலிருந்து அசையாத கார் யாருடையது, பத்து நிமிடத்தில் போன கார் யாருடையது என்று பிரிந்துவிடும். விடுமுறைக்கு முந்தின வாரம், பள்ளிச் சுற்றுலா நாள், ரயில் வேலைநிறுத்த நாள் ஆகாது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. 180 மீட்டர் தெரு, ஒரு பக்கம். 5ஆல் வகுத்தால் 36 கார். இரு முனைச் சந்திப்புகளிலிருந்தும் 10 மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது என்று நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 243ஆம் விதி சொல்கிறது, மிச்சம் 160. பதினான்கு வீட்டு டிரைவ்வே, நடைபாதை விளிம்பு தாழ்த்திய இடம் ஒவ்வொன்றும் 5 மீட்டர். 70 போனால் மிச்சம் 90. 90ஐ 5ஆல் வகுத்து 18 என்று எழுதுவார்கள். ஆனால் அந்த 90 மீட்டர் ஒரே துண்டாக இல்லை. பதினைந்து துண்டாக, சராசரி 6 மீட்டராகக் கிடக்கிறது. ஒரு துண்டில் ஒரு கார். ஆக 15. வீட்டுக்காரர்கள் கார் அதில் பாதியைப் பிடித்திருந்தால், இரு பக்கமும் சேர்த்துப் பெற்றோருக்கு மிஞ்சுவது 15 இடம்.

பள்ளி வாசலில் இருக்கும் மஞ்சள் ஜிக்ஜாக் கோடு 25.56 மீட்டரிலிருந்து 43.56 மீட்டர் வரை போகும். புதிய கேட் திறந்தால் அங்கேயும் கோடு வரும். எட்டுக் கார் இடம் வரை போகலாம். கூட்டத்தைப் பிரிக்க இரண்டாவது கேட் நல்ல யோசனைதான். அந்த கேட் எதிரே வீடு உள்ளவரிடம் முன்கூட்டியே பேசாமல் வரைபடத்தில் போட்டுவிட்டால் ஆட்சேபம் இரட்டிப்பாகும்.

காலையைவிட மாலை மோசம்

இப்போது கார் கணக்கு. வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லி எடுத்த கணக்கெடுப்பில் 35 விழுக்காடு பிள்ளைகள் காரில் வருவதாக வைப்போம். ஒரு காரில் சராசரி 1.4 பிள்ளை. 210 பேரில் 73 பேர் காரில்; 52 கார். விரிவாக்கத்துக்குப் பின் கொஞ்சம் தொலைவிலிருந்தும் வருவதால் 38 விழுக்காடு. 420 பேரில் 160, 114 கார். இரட்டிப்புக்குக் கொஞ்சம் மேல். ஏழு ஆண்டில் பரவினால், ஆண்டுக்கு ஒன்பது கார் கூடும்.

காலையில் இவை 25 நிமிடத்தில் வந்து போகும். ஒவ்வொன்றும் 6 நிமிடம் நிற்கும். 114ஐ 6ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால், ஒரே நேரத்தில் 27 கார். பிற்பகலில் அப்படி இல்லை. பெற்றோர் நல்ல இடம் பிடிக்க முன்னதாக வருவார்கள். எல்லோரும் ஒரே மணிக்காகக் காத்திருப்பார்கள். நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகள் பள்ளி முடிந்தபின் கிளப்புகளில் தங்கினால் 86 கார். மணி அடிக்கும் நிமிடத்தில் அவற்றில் ஐந்தில் நாலு பங்கு தெருவில் நிற்கும்: 69 கார். தெருவுக்கு 15 இடம் என்றால் ஏறக்குறைய ஐந்து தெரு வேண்டும். காலைக் கணக்கை மட்டும் காட்டி "சமாளிக்கலாம்" என்று முடிக்கும் அறிக்கை 27ஐச் சொல்லி 69ஐ மறைக்கிறது.

பள்ளிக்குள்ளேயே இடம் கொடுத்தால் என்ன?

எல்லோரும் கேட்பது இதைத்தான்: பள்ளி வளாகத்துக்குள் வட்டப்பாதை போட்டு, இறக்கிவிட்டுப் போகச் சொல்லலாமே. பெரிய பிள்ளைகளுக்கு அது ஓரளவு நடக்கும். ரிசெப்ஷன் பிள்ளையை வகுப்பு வாசலில் ஆசிரியர் கையில் ஒப்படைக்க வேண்டும். இயர் 1, இயர் 2 பிள்ளைகளுக்கும் பல பள்ளிகளில் அதுவே வழக்கம். அம்மாவோ அப்பாவோ இறங்கியே ஆக வேண்டும். இறங்கினால் கார் நிற்க வேண்டும். பாதையில் ஒருவர் நின்றால் பின்னால் வரிசை தெருவுக்கு வழியும். இருபது கார் வரிசைக்கு 120 மீட்டர் பாதை வேண்டும், அதுவும் விளையாடும் இடத்திலிருந்து. இடம் இருக்கிறது என்று தெரிந்தால், இதுவரை நடந்து வந்தவர்களும் காரை எடுப்பார்கள். அதனால்தான் நெடுஞ்சாலை அதிகாரிகள் இதை விரும்புவதில்லை. அது கருமித்தனம் இல்லை.

மஞ்சள் கோடு போடுங்கள் என்பது அடுத்த கோரிக்கை. இங்கே பலருக்குத் தெரியாத விஷயம்: ஒற்றை, இரட்டை மஞ்சள் கோட்டில் ஆளை ஏற்றி இறக்க நிறுத்தலாம். குடியிருப்பாளர் பெர்மிட் இடங்களிலும் அப்படித்தான். ரயிலில் போகிறவர்கள் காரை நாள் முழுக்க விடாமல் தடுக்கப் போடும், காலை 10 முதல் 11 வரையான ஒரு மணி நேர பெர்மிட் பகுதி, பள்ளி நேரத்தைத் தொடவே தொடாது. குடியிருப்பாளர் பணம் கட்டியதுதான் மிச்சம். நிற்கவே கூடாது என்று சொல்லும் அதிகாரம் பள்ளி வாசல் ஜிக்ஜாக்குக்கு உண்டு, நேரம் எழுதிய பலகை பக்கத்தில் இருந்தால். 2015 ஏப்ரலுக்குப் பிறகு கேமரா மட்டும் வைத்து அபராதச் சீட்டு அனுப்ப அனுமதிக்கப்பட்ட சில இடங்களில் அதுவும் ஒன்று. டிரைவ்வேயை அடைத்து நின்றால், வீட்டுக்காரர் கவுன்சிலைக் கூப்பிட்டு 27ஆம் குறியீட்டில் அபராதம் போடச் சொல்லலாம். ஆள் வந்து சேர்வதற்குள் கார் போய்விடும் என்பது வேறு விஷயம்.

நேரத்தைப் பிரிப்பதிலும் ஒரு பொறி உண்டு. சின்ன வகுப்புகளுக்கு 8:40, பெரிய வகுப்புகளுக்கு 8:55 என்று வைத்தால் காகிதத்தில் கூட்டம் பாதியாகும். இரண்டு பிள்ளை வைத்திருப்பவர் 8:35க்கு வந்து 8:58 வரை காத்திருப்பார். 6 நிமிட நிறுத்தம் 23 நிமிடமாகும். அதைவிட, கேட்டை 8:30க்குத் திறந்து, பிள்ளைகள் நேராக வகுப்புக்குள் போய் உட்கார அனுமதிப்பது நல்லது. 25 நிமிடம் 35 ஆனால், அதே 114 கார் ஒரே நேரத்தில் 27லிருந்து 20 ஆகிவிடும். காலையுணவு கிளப் இன்னும் நீட்டும். அரசு 2025 ஏப்ரலில் 750 பள்ளிகளில் இலவசக் காலையுணவு கிளப்பைச் சோதனையாகத் தொடங்கியது வேறு நோக்கத்துக்காக; தெருவுக்கும் அது நல்லதே.

மாலைக்கு மருந்து கிளப்தான். கால் பங்குக்குப் பதில் பாதிப் பிள்ளைகள் தங்கினால் மணியடிக்கும்போது 69 இல்லை, 46. பார்க்கிங் பிரச்சினைக்குக் கராத்தே மாஸ்டரை அமர்த்துங்கள் என்று பிளானிங் கமிட்டியில் சொன்னால் சிரிப்பார்கள். கணக்கு அதைத்தான் சொல்கிறது. ஆனால் கிளப் நடத்த மண்டபம் வேண்டும். கட்டட வரைவில் மண்டபத்தைப் பழைய அளவிலேயே விட்டால், மதியச் சாப்பாடு மூன்று பந்தியாகும், மாலையில் கிளப்புக்கு இடமே இராது. போக்குவரத்து ஆலோசகரும் கட்டடக் கலைஞரும் ஒரே மேசையில் உட்காராத திட்டங்களில் இது தவறாமல் நடக்கும்.

பக்கத்து பப், தேவாலயம், சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் நிறுத்தி ஐந்து, பத்து நிமிடம் நடப்பது மலிவான வழி. பப்புக்குக் காலையில் கூட்டமில்லை. வாய்ச்சொல் போதாது, எழுத்தில் ஒப்பந்தம், காப்பீடு யார் பொறுப்பு, எத்தனை மாத முன்னறிவிப்பு எல்லாம் வேண்டும். பப்பை ஃபிளாட் கட்ட விற்றுவிட்டால் திட்டம் அன்றே முடிந்தது. பெரியவர் ஒருவர் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வரும் 'நடை பஸ்'சும் அப்படித்தான்: அதை இழுத்து நடத்தும் அம்மாவின் பிள்ளை செகண்டரி போன செப்டம்பரில் நின்றுவிடும். அடுத்த ஆளை இயர் 4 பெற்றோரிலிருந்தே பழக்க வேண்டும்.

தெருவையே மூடுவது

இத்தாலியின் போல்சானோ நகரம் 1989இல் தொடங்கிய யோசனை: பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் மட்டும் வாசல் தெருவில் கார் கூடாது. எடின்பரோ 2015இல் சோதித்தது. லண்டனில் கேம்டன் 2016இலும் ஹேக்னி 2017இலும் தொடங்கின. கோவிட் காலத்தில் வேகம் பிடித்து லண்டனில் மட்டும் 500ஐத் தாண்டியது. ஸ்கூல் ஸ்ட்ரீட் என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.

சோதனை ஆணையாகப் போட்டால் அதிகபட்சம் 18 மாதம் வைக்கலாம். முதல் ஆறு மாதத்தில் வரும் ஆட்சேபங்களைக் கணக்கில் எடுத்தே நிரந்தரமாக்க வேண்டும். இது விரிவாக்கத்துக்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் முதல் 30 பிள்ளைகள் வரும் ஆண்டிலேயே சோதித்துவிடலாம். காலையும் மாலையும் 30 முதல் 60 நிமிடம், பள்ளி நாட்களில் மட்டும். அந்தத் தெருவில் வசிப்போர், ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை) வைத்திருப்போர், அவசர வண்டிகள் போகலாம். வழக்கமாக வரும் பராமரிப்புப் பணியாளருக்கும் விலக்கு எழுத மறக்கக் கூடாது. பஸ் போகும் சாலையிலும், வண்டி திரும்ப இடமில்லாத முட்டுச் சந்து வாயிலிலும் சரிவராது.

காவலுக்கு இரண்டு வழி. தன்னார்வலர்கள் தடுப்பை வைத்து நிற்பது ஒன்று; முதல் குளிர்காலத்தில் ஆள் குறையும், திட்டிக்கொண்டு நுழையும் ஓட்டுநரை யாரும் தடுக்க முடியாது. வண்டி எண்ணைப் படிக்கும் கேமரா இன்னொன்று. லண்டனில் அந்த அதிகாரம் முன்பே இருந்தது. இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே 2022 மே 31க்குப் பிறகுதான், அதுவும் கவுன்சில் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

"கார் அடுத்த தெருவுக்குத்தானே போகும்" என்பது நியாயமான கேள்வி. எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகம் 2020இல் செய்த மதிப்பாய்வு, பெரும்பாலான இடங்களில் மூடிய தெருவும் அக்கம்பக்கமும் சேர்ந்த மொத்த வண்டி எண்ணிக்கை குறைந்ததாகவும், இடம்பெயர்ந்த வண்டிகளால் பெரிய பாதுகாப்புச் சிக்கல் எழவில்லை என்றும் சொன்னது. மொத்தம் குறைந்தது உண்மை என்றாலும், மூடிய எல்லைக்கு வெளியே முதல் மூலையில் உள்ள பத்து வீடுகளுக்கு அது ஆறுதல் ஆகாது. அந்த மூலைகளில் மட்டும் முன்னும் பின்னும் தனியாக எண்ணி, சந்திப்பில் 10 மீட்டருக்கு இரட்டைக் கோடும் சேர்த்தே ஆணை போட வேண்டும்.

நிபந்தனையை எழுதும் விதம்

"பெற்றோர் இந்தத் தெருவில் நிறுத்தக் கூடாது" என்று பிளானிங் நிபந்தனை போட முடியாது. பள்ளியால் அதை அமல்படுத்த இயலாது. அமல்படுத்த இயலாத நிபந்தனை செல்லாது. "பயணத் திட்டம் (கார் வருகையைக் குறைக்கப் பள்ளி எழுதும் திட்டம்) ஒன்று சமர்ப்பிக்கப்பட வேண்டும்" என்பது செல்லும், ஆனால் பல்லில்லாதது. வேலை செய்வது இந்த வடிவம்: பள்ளியில் 240 பிள்ளைகளைத் தாண்டுவதற்கு முன் சாலையில் பாதசாரிக் கடவையும் இரண்டாம் கேட்டும் முடிந்திருக்க வேண்டும், 300ஐத் தாண்டுவதற்கு முன் ஸ்கூல் ஸ்ட்ரீட் சோதனை நடந்திருக்க வேண்டும். கவுன்சிலே விண்ணப்பதாரர் என்றால் தன்னோடு தானே 106ஆம் பிரிவு ஒப்பந்தம் (கட்டுபவர் சாலைப் பணி போன்றவற்றுக்குப் பணம் தர ஒப்புக்கொள்வது) போட முடியாது. எனவே கடவைக்கான பணம் எந்தத் துறை வரவு செலவிலிருந்து, எந்த ஆண்டில் என்று கமிட்டி அறிக்கையிலேயே எழுத வைக்க வேண்டும். இல்லையென்றால் கல்வித் துறை நெடுஞ்சாலைத் துறையைக் கை காட்டும்.

இதிலும் ஒரு மோதல் உண்டு. சேர்க்கை எண்ணிக்கை பிப்ரவரி 28க்குள் அடுத்த ஆண்டு செப்டம்பருக்காக முடிவாகிவிடும். விண்ணப்பம் ஜனவரி 15க்குள். இடம் கிடைத்த செய்தி ஏப்ரல் 16. அறுபது பேருக்குக் கடிதம் போன பிறகு "கடவை முடியவில்லை, 240தான்" என்று பள்ளி சொல்ல முடியாது. நிபந்தனையின் படிகளைச் சேர்க்கை நாட்காட்டியோடு பக்கத்தில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

கட்டுமான ஆண்டுதான் தெருவுக்கு மிக மோசமான ஆண்டு என்று மேலே சொன்னோம். ஆசிரியர் கார் நிறுத்துமிடம் கட்டுமானப் பொருள் வைக்கும் இடமாகும். முப்பது ஆசிரியர் கார் தெருவுக்கு வரும். கட்டுமான ஆட்களின் வேன்களும் ஏழரை மணிக்கே வந்து நிற்கும். ஒப்பந்தத்தில் மூன்று வரி இதைத் தடுக்கும்: காலை 8:15 முதல் 9:15 வரையும், பிற்பகல் 2:45 முதல் 3:45 வரையும் லாரி வரக் கூடாது, வேன்களுக்கு வெளியே இடம் ஒப்பந்தக்காரர் செலவில், கிரேன் வேலையும் தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் வகுப்பறைகளைப் பொருத்துவதும் கோடை விடுமுறை ஆறு வாரத்தில். தெருவில் ஒட்டும் அறிவிப்பில் கட்டுமான மேலாளரின் கைபேசி எண் இருக்க வேண்டும், கவுன்சில் பொது எண் அல்ல.

வார இறுதியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெரிய மண்டபம் வந்தால் வாடகைக்கு விடுவார்கள். லண்டன் தமிழ்ப் பள்ளிகள் பல இப்படி வாடகைக் கட்டடங்களில்தான் சனிக்கிழமை நடக்கின்றன. அங்கே பிள்ளைகள் பல மைல் தொலைவிலிருந்து வருவார்கள், நடந்து வருவோர் மிகக் குறைவு, ஸ்கூல் ஸ்ட்ரீட் சனிக்கிழமை இல்லை. வளாகத்து ஆசிரியர் கார் பார்க்கைத் திறந்துவிடுவதும், வாசலில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட இரண்டு பேரை அரை மணி நேரம் நிறுத்துவதும் வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் தெருவாசிகளுக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் போடும் தமிழ்ப் பள்ளிக்கு, அடுத்த ஆண்டு வாடகையைப் புதுப்பிப்பதில் சிரமம் குறையும்.

நிரம்பிய பிறகு

பிறப்பு எண்ணிக்கை 2012க்குப் பின் இறங்கியது. 2023இல் 591,072, அதாவது 2001ஐவிடக் கீழே. லண்டனில் பல பள்ளிகள் சேர்க்கை எண்ணிக்கையைத் திரும்பக் குறைத்துள்ளன. ஹேக்னி போன்ற பகுதிகளில் தொடக்கப் பள்ளிகள் மூடப்படுகின்றன. எனவே இன்று ஒரு கவுன்சில் நிரந்தர விரிவாக்கம் கேட்டால், முதலில் ஓர் ஆண்டுக்கு மட்டும் 30 பேரைக் கூடுதலாகச் சேர்த்து, அந்த ஒரு வகுப்பு ஏழு ஆண்டில் மேலே போய் வெளியேறும் ஏற்பாடு போதாதா என்று கேட்பது நியாயம். தெருவுக்கும் அது சோதனை ஓட்டம்.

கட்டிய அறை காலியானால் பெரும்பாலும் அது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பிரிவாக மாறுகிறது. பிள்ளை எண்ணிக்கை குறைந்தது, பார்க்கிங் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் தவறு. அந்தப் பிள்ளைகள் கவுன்சிலின் மினிபஸ்ஸிலும் டாக்ஸியிலும் உதவியாளரோடு வருவார்கள். சக்கர நாற்காலியை இறக்கும் பின்பக்கத் தளம் கீழிறங்க மினிபஸ்ஸுக்குப் பின்னால் மூன்று மீட்டராவது காலி இடம் வேண்டும். ஒரு பிள்ளையை இறக்கப் பத்து நிமிடம் ஆகலாம். இது தெருவில் நடக்கக் கூடாது, கேட்டுக்குள் நடக்க வேண்டும். ஆகவே முதல் வரைபடத்திலேயே கதவுக்குப் பக்கத்தில், 11 மீட்டர் நீளத்தில், நடைபாதை விளிம்பு தாழ்த்திய ஒரு நிறுத்துமிடத்தை ஒதுக்கி வைப்பது நல்லது. பின்னால் அதை வெட்டிச் சேர்ப்பதென்றால் மீண்டும் ஒரு பிளானிங் விண்ணப்பம்.